வேண்டிய நீளம்

அரவேணுக்குக் கீழ ஓடக்கொம்பைன்னு ஒரு ஊரு, மேகம் வந்து உக்காந்தா லேசுல எந்திரிச்சுப் போகாத ஊரு, அந்த ஊர்ல சவரியப்பன்னு ஒருத்தரு இருந்தாரு. அவருக்கு வாய் இருந்துச்சு, நாக்கு இருந்துச்சு, முப்பத்திரெண்டு பல்லுல இருவத்தாறு மிச்சம் இருந்துச்சு, எல்லாம் இருந்தும் பேச்சு மட்டும் இல்ல. ஊமையான்னு கேக்காதீங்க, ஊமைன்னா டாக்டரு பாத்துச் சொல்லிருவாரு, இவரு பேசமாட்டாரு, அவ்ளோதான். டீ ஃபேக்டரியில தேயிலையக் காயவைக்கிற டிரையர் மெசின் பக்கத்துல முப்பத்தோரு வருசம் நின்ன ஆளு. அந்த மெசின் போடுற எரைச்சல்ல பெத்தவளே வந்து காதுல கூப்பிட்டாலும் கேக்காது, அதனால அங்க வேல செஞ்ச அத்தன பேருக்கும் கைதான் வாயி. ரெண்டு வெரல முறுக்கிக் காட்டுனா சூட்டக் கொறைன்னு அர்த்தம். முஷ்டிய நெத்தியில வச்சா சூப்பர்வைசரு வர்றாரு, பீடிய அணைன்னு அர்த்தம். உள்ளங்கையக் கீழ பாத்தாப்ல வச்சு மெல்லமா ரெண்டு தட்டுத் தட்டுனா, 'நல்லாருக்கு, இப்டியே ஓடட்டும், நிறுத்தாத'ன்னு அர்த்தம். அப்டியே முப்பத்தோரு வருசத்த ஓட்டி ரிட்டையர் ஆன மனுசன், டிபன் கேரியரு, குடை, தொப்பி எல்லாத்தையும் மறக்காம வீட்டுக்குக் கொண்டாந்தாரு. கூடவே அந்தக் கைப்பேச்சையும் கொண்டாந்துட்டாரு, அதுதான் வென.

அவரு பொண்டாட்டி ரெஜினா நேர் எதிரு. அவளுக்கு வார்த்தைன்னா பொரிகடலை மாதிரி, வாயில ஒண்ணு போயிட்டு இருக்கும், கையில ஒண்ணு ரெடியா இருக்கும். லைப்ரரில இருந்து வாரம் மூணு பொஸ்தகம் வரும், அடுப்புல சோறு பொங்குறப்ப ஒரு பக்கம், வடிக்கிறப்ப ஒரு பக்கம்னு படிச்சுத் தீத்துருவா. மத்தியானத்துல ஸ்வெட்டர் பின்னுவா. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தா பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்துப் போட்டி. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்னு அந்தக் கட்டத்துக்குள்ள போற வழியெல்லாம் அவளுக்குச் சந்தைக்குப் போற வழி மாதிரி தண்ணிபட்ட பாடு. ஊசிய நிறுத்தாம பின்னிகிட்டே சத்தமா வாசிப்பா, "ஏங்க, ஏழாவது. பாம்பும் இதுதான், சத்தமும் இதுதான், நாலெழுத்து, என்னங்க?" இவரு "உம்"பாரு. "அரவம்!"னு அவளே சொல்லி அவளே எழுதிக்குவா. அடுத்தது கேப்பா, இவரு "உம்"பாரு. இருவத்தெட்டு வருசம், வருசத்துக்கு அம்பத்திரெண்டு ஞாயிறு, ஞாயித்துக்கு இருவது கேள்வி, எல்லாத்துக்கும் ஒரே பதிலு 'உம்'. அந்த ரெண்டு எழுத்த எந்தக் கட்டத்துல போட்டாலும் பொருந்தாது.

ஒரு ஞாயித்துக்கெழம அவ வாசிச்சுகிட்டே இருந்தா. வெளிய மழ, உள்ள அடுப்புச் சூடு, மடியில கத்தரிப்பூ கலர்ல இவருக்குப் பின்னுற ஸ்வெட்டரு. முன்பக்கம் முடிஞ்சுது, முதுகு முடிஞ்சுது, ஒரு கை முடிஞ்சுது, ரெண்டாவது கை மணிக்கட்டு மட்டும் முடிஞ்சு ஊசியில நிக்கிது. சவரியப்பனுக்கு அந்தச் சூடும் அந்தக் கொரலும் சேந்து என்னமோ மாதிரி நெஞ்சு நெறஞ்சு போச்சு. எதாவது சொல்லணும்னு தோணுச்சு. வாய்க்கு வரல, கைக்கு வந்துச்சு. உள்ளங்கையக் கீழ வச்சு மெல்லமா ரெண்டு தட்டு.

ஃபேக்டரியில அது 'நிறுத்தாத'. வீட்ல, ரோட்ல, பள்ளிக்கூடத்துல, உலகம் பூரா அது 'அடங்கு'.

ரெஜினா அடங்கிட்டா. ஊசியக் கீழ வச்சா, கண்ணாடியக் கழட்டுனா, பையில நாலு சேலைய எடுத்து வச்சா, மூணு மணி பஸ்ஸுல ஏறி மேட்டுப்பாளையத்துல இருக்குற தங்கச்சி ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிட்டா. ஏன் போறேன்னு அவ சொல்லல, ஏன் போறேன்னு இவரு கேக்கல. பஸ்ஸுக்குப் பின்னாடி கொஞ்ச தூரம் நடந்தாரு. பஸ்ஸு வளைஞ்சுது. இவரு திரும்பிட்டாரு.

மொத மாசம் 'வந்துருவா'ன்னு போச்சு. ரெண்டாவது மாசம் 'வருவா'ன்னு போச்சு. மூணாவது மாசம் என்ன சொல்லிக்கிறதுன்னு தெரியாமப் போச்சு. ஒரு தட்டு, ஒரு டம்ளரு, ஒரு ஆளு ஒக்காந்து ஒக்காந்து ஒரு பக்கமா எறங்கிப்போன சோபா. வீடு அவ்ளோ அமைதியா இருந்துச்சு, அடுப்புல தண்ணி கொதிச்சா யாரோ வந்துட்டாங்கன்னு திரும்பிப் பாப்பாரு. அவ பாதியில விட்ட பொஸ்தகம் ஒண்ணு, நூத்திப் பதினாறாம் பக்கம் மடிச்சு வச்சது, அத எடுத்து எழுத்துக்கூட்டி நூத்திப் பதினேழுல இருந்து படிச்சாரு. முன்னாடிப் பாகத்த அவ படிச்சுட்டா, ஒரே வேலைய ரெண்டு பேரு எதுக்குச் செய்யணும்? அந்தக் கதையில யாரு யாருக்கு என்ன ஒறவுன்னே தெரியாம, கடைசியில எல்லாரும் அழுவுறப்ப இவரும் கொஞ்சம் அழுதுட்டாரு.

அப்பறந்தான் ஊசியக் கையில எடுத்தாரு. அந்த ரெண்டாவது கை, நாலு ஊசியில குழாய் மாதிரி வட்டமா நின்ன கை, அத யாராவது முடிச்சுத்தான ஆகணும்? பக்கத்து வீட்டு மும்தாஜ், வர்க்கி பிஸ்கோத்துப் போடுற பேக்கரி வச்சிருக்கிற பொம்பள, வந்து ஒக்காந்து சொல்லிக்குடுத்தா.

"நேரா ஒண்ணு, பொரட்டி ஒண்ணு, அவ்ளோதாண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு இது வராது, அவருக்கு மாவு மட்டுந்தான் வரும். பரவால்ல, உங்க வெரலு நல்லா மடங்குது. ஆம்பளையாப் பொறந்து வீணாப் போயிட்டீங்க."

மிச்சத்துக்கு ரெஜினா ஏதோ வாரப் பத்திரிகையில இருந்து கத்தரிச்சு வச்ச பின்னல் குறிப்பு இருந்துச்சு. சவரியப்பன் வெரல வச்சு வாசிச்சாரு: 'கை: இதே போல் வேண்டிய நீளம் வரும்வரை பின்னவும்.'

உங்களுக்கும் எனக்கும் அதுக்கு அர்த்தம், கைய நீட்டு, இஞ்ச் டேப்ப வை, அளவு பாருங்கறதுதான். சவரியப்பனுக்கு இஞ்ச் டேப்பு கெடைக்கல. அந்த வார்த்தைய மட்டும் ரொம்ப நேரம் பாத்துகிட்டு இருந்தாரு. வேண்டிய. வேணும்னாலும் வேண்டியதுதான், சாமிகிட்ட வேண்டுனாலும் வேண்டியதுதான், நெருங்குன சனமும் வேண்டியவங்கதான். எவ்ளோ வேணும்னு அவரு யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த வார்த்தையையே ஊசியில போட்டு இழுத்துட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் ஒரு சாண் பின்னுனாரு. காலையில எந்திரிச்சுப் பாத்தா மணிக்கட்டுப் பக்கம் வாசப்படியத் தாண்டிக் கெடந்துச்சு. சவரியப்பன் அதத் தூக்கி ஒரு ஓரமாப் போட்டுட்டு வாசலப் பெருக்குனாரு. மறுநாள் அது கேட்டுக்கிட்ட நின்னுச்சு, அதுக்கு மறுநாள் கேட்டுக்கு வெளிய, படி எறங்கி, தண்ணிக் குழாயச் சுத்தி, மாரியம்மன் கோயிலத் தாண்டி, ரோட்டப் பாத்துப் போயிட்டே இருந்துச்சு. இவரு தெனம் நாலு வட்டம் பின்னுவாரு, அது நாலு வளைவு போகும். நூல்கண்டு ஏன் தீரலன்னு யாரும் கேக்கல, கையப் பத்திப் பேசவே ஊருக்கு நேரம் பத்தல.

மொதல்ல பெள்ளிதான் வந்தாரு. சவரியப்பனோட டிரையர்ல வேல செஞ்சவரு, படுகரு, தலையில எப்பவும் வெள்ளத் துண்டு.

"ஏப்பா சவரி, ஊர்ல கை நீளம்னு பேரு எடுத்தவனெல்லாம் ஜெயில்ல இருக்கான். உன்னோடது என்னப்பா பஸ் ஸ்டாப்ப தாண்டிருச்சு?"

சவரியப்பன் "உம்"னாரு.

ஒரு வாரம் எல்லாரும் அதத் தாண்டித் தாண்டிப் போனாங்க. அடுத்த வாரம் அது அங்கயே பொறந்ததுன்னு நெனச்சுட்டாங்க. மேகம் எறங்குற காலையில புள்ளைங்க ஒரு கையால அதப் புடிச்சுகிட்டே பள்ளிக்கூடம் போச்சுங்க, ஒண்ணுகூட வழி தவறல. தேயில பறிக்கிற பொம்பளைங்க மத்தியானச் சோத்துக்கு அதுமேல வரிசையா ஒக்காந்தாங்க, ஈரம் ஏறாத எடம் அந்த மலையில அது ஒண்ணுதான். வீட்டுக்கு வழி கேட்டா 'கைக்கு மேலயா, கைக்குக் கீழயா?'ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கைக்கு மேல இருக்கிறவங்களுக்கும் கைக்குக் கீழ இருக்கிறவங்களுக்கும் ஒரு கிரிக்கெட் மேட்சுகூட நடந்துச்சு, மேகத்துல பந்து தொலைஞ்சதால யாரும் ஜெயிக்கல. பஞ்சாயத்துல கூடி, கைய யாரும் மிதிக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, போர்டு எழுத ஆளு விட்டாங்க, அவன் எல்லா எடத்துலயும் எழுதுற மாதிரியே 'இங்கே கை வைக்காதீர்'னு எழுதிட்டுப் போயிட்டான். எலக்சன் வந்தப்ப ஒரு ஆபீசரு ஜீப்புல வந்து எறங்கி, கைன்னா சின்னம், சின்னம்னா துணி போட்டு மூடணும்னாரு. "துணியத்தான சார் மூடச் சொல்றீங்க?"ன்னு மும்தாஜ் கேட்டா. ஆபீசரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு, ஒரு வர்க்கி தின்னாரு, ஜீப்புல ஏறிட்டாரு.

கீழ குஞ்சப்பனைப் பக்கம் யானை கடக்குற எடத்துல ஃபாரஸ்ட்காரங்க மூங்கில் நட்டு கைய மேல தூக்கிக் கட்டி விட்டாங்க. ஒரு தாய் யான மட்டும் நின்னு, மணிக்கட்டு ஓட்டைக்குள்ள தும்பிக்கைய விட்டு மோந்து பாத்து, ஒரு தும்மல் போட்டுச்சு. அந்தத் தும்மல் சவரியப்பன் மடியில வந்து வெடிச்சுது. அவரு கண்ணாடி எகிறிப்போயி அலமாரியில விழுந்துச்சு.

அப்பத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது, கைக்குள்ள சத்தம் போகும், சத்தம் வரும்னு.

கேக்கவா வேணும்? மறுநாள் காலையில சவரியப்பன் வீட்டு வாசல்ல வரிசை. எல்லாரு கையிலயும்தான் போன் இருக்கு, ஆனா ஓடக்கொம்பையில சிக்னல் கெடைக்கணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறணும், தொட்டி மேல ஏறுனா என்ன பேச வந்தோம்னு மறந்துரும். கீழ கட்டிக்குடுத்த மகளுங்க, டவுனுக்கு வேலைக்குப் போன புருசனுங்க, எல்லாரும் கை போயி நிக்கிற எடத்துக்கு வந்து மணிக்கட்டுல காத வச்சாப் போதும், ஊருக்குள்ள பேசுன மாதிரி கேட்டுச்சு, கம்பளிக்குள்ள வந்ததால கொஞ்சம் வெதுவெதுப்பாவும் இருந்துச்சு. பேசுற வசதிக்காக மணிக்கட்டுப் பக்கத்த ஆளாளுக்கு ஒரு மேடு, ஒரு திண்டுன்னு ஏத்தி வச்சுப் பேசிட்டு, மறுபடி ரோட்டுல எறக்கி விட்டுருவாங்க, அது பாட்டுக்குப் போகும்.

"பாப்பா, மாத்திர போட்டியா?"

"போட்டேம்மா. இங்க ஒரே புழுக்கம்."

"புழுக்கமாம்ல! இங்க வந்து ஒரு மணி நேரம் நில்லு, பல்லு தானா டான்ஸ் ஆடும்."

இப்டியே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். ஊருப் பேச்சு பூரா அவரு மடிமேல ஓடிச்சு. சண்ட ஓடிச்சு, சமாதானம் ஓடிச்சு, மீன் கொழம்பு வைக்கிற பக்குவம் ஓடிச்சு, ஒரு கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சு அது பாதியில முறிஞ்சு வேற ஒரு எடத்துல கூடியும் வந்துச்சு. வர்றவங்க அவருக்கு வணக்கம் சொல்லுவாங்க, கை வாயில வாய வச்சுப் பேசுவாங்க, கண்ணத் தொடச்சுகிட்டு, 'வர்றேண்ணே'ன்னு போயிருவாங்க. அவரு நேரா ஒண்ணு, பொரட்டி ஒண்ணு போட்டுகிட்டே இருப்பாரு. அந்த மலையில அத்தன பேரு பேச்சும் அவரு விரலுக்கு நடுவுலதான் போச்சு வந்துச்சு, அதுல அவருக்குன்னு வந்த வார்த்த ஒண்ணு இல்ல. எல்லாரும் போனப்பறம் கை வாய்க்குள்ள காத வச்சுப் பாப்பாரு. கீழ லாரி போற சத்தம் கேக்கும்.

ஒரு நாள் மும்தாஜ் கேட்டே புட்டா. "அண்ணே, இது எங்கண்ணே போயிட்டு இருக்கு?"

சவரியப்பன் ஊசியப் பாத்தாரு.

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. குஞ்சப்பனை தாண்டி, பாக்குத் தோப்பு தாண்டிருச்சு. ஊட்டிக்குப் போறவங்க பஸ்ஸுல இருந்து போட்டோ எடுக்குறாங்க. மேட்டுப்பாளையத்துல உங்களுக்கு யாரு இருக்காங்க, பாக்கு யாவாரியா?"

அவரு காது செவந்துச்சு. அதுக்கு மேல அவ கேக்கல.

பதினோராவது மாசம், ஒரு செவ்வாக்கெழம காலையில, கை ஸ்டெல்லா வீட்டுக் கேட்டுக்கிட்டப் போயி நின்னுச்சு. உள்ள போகல. கேட்டுத் தொறந்துதான் கெடந்துச்சு, ஆனாலும் போகல. அதுவரைக்கும் யார் வீட்டு வாசலையும் பாக்காம வந்த கை, அங்க வந்து தயங்கி நின்னுச்சு. இங்க சவரியப்பன் நாலு வட்டம் பின்னுனாரு, அஞ்சு வட்டம் பின்னுனாரு, அது ஒரு வெரக்கடை நகரல.

ரூம்ல அன்னிக்கும் கூட்டம். பெள்ளி இருந்தாரு, பெள்ளி சம்சாரம் மாதி இருந்தாங்க, மும்தாஜ் இருந்தா, இன்னும் எட்டுப் பத்துப் பேரு. மாதி பேச வாய எடுத்தப்ப உள்ள இருந்து ஒரு கொரலு வந்துச்சு.

"இந்த மணிக்கட்டுப் பின்னலு நான் போட்டது."

சவரியப்பன் ஊசி அந்தரத்துல நின்னுச்சு.

"மூணாவது வரிசையில ஒரு கண்ணி விட்டுப்போச்சு, அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டேன். அது அப்டியே இருக்கு. ஏங்க, கேக்குதா?"

சவரியப்பன் வாயத் தொறந்தாரு. எல்லாரும் அவரு வாயவே பாத்தாங்க. கடைசியில வந்துச்சு: "உம்."

அது இருவத்தஞ்சு கிலோமீட்டரு போயி, யானை வழியில மேல ஏறி, பாக்குத் தோப்புல கீழ எறங்கி, அங்கயும் 'உம்'னே விழுந்துச்சு.

"இத நான் இருவத்தெட்டு வருசமாக் கேட்டாச்சு"ன்னா ரெஜினா. "இந்தக் கத்திரி வெயில்ல எந்தப் புண்ணியவானாவது கம்பளிய அனுப்புவானா? ஊரே வேடிக்க பாக்குது. ஸ்டெல்லா மாமியா இதுமேல வடகம் காயப்போடலாமான்னு கேக்குறாங்க."

திட்டுறா. ஆனா பேசுறா. பதினொரு மாசம் கழிச்சு அந்தக் கொரலு அந்த ரூமுக்குள்ள வந்து, அலமாரியத் தொட்டு, அடுப்பத் தொட்டு, எறங்கிப்போன சோபாவத் தொட்டுச்சு. சவரியப்பனுக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. கைய எடுத்தாரு. உள்ளங்கையக் கீழ வச்சு, கை வாயப் பாத்து, மெல்லமா ரெண்டு தட்டு.

"அட பாவி மனுசா!"ன்னு மும்தாஜ் கத்திட்டா. "அக்கா இப்பத்தான் பேசுது, அதுக்குள்ள அடங்குன்னு காட்டுறீங்க? இதாலதான அக்கா போச்சு! போறன்னிக்கு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு. 'இருவத்தெட்டு வருசம் செவுத்துகிட்டப் பேசிருக்கேன் மும்தாஜு, செவுரு இன்னிக்கு அடங்குன்னு சொல்லிருச்சு'ன்னு!"

சவரியப்பன் அவளப் பாத்தாரு, தன் கையப் பாத்தாரு, மறுபடி அவளப் பாத்தாரு. யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு மூஞ்சி.

பெள்ளிதான் எந்திரிச்சாரு. "இரும்மா, இரும்மா. இது அடங்கு இல்ல. யாரு சொன்னா அடங்குன்னு? டிரையர்ல இது, நல்லாருக்கு, இப்டியே ஓடட்டும், நிறுத்தாத. முப்பது வருசமா எங்க எல்லாருக்கும் இது அதான்."

இத அவரு சொல்லி முடிக்கல, பக்கத்துல இருந்த மாதி மெதுவாத் திரும்புனாங்க.

"என்ன சொன்னீங்க?"

"நிறுத்தாத..."

"நம்ம கல்யாணம் ஆன புதுசுல, நான் பாட்டுப் பாடிட்டே மாவாட்டிட்டு இருந்தேன். இப்டித் தட்டுனீங்க."

"ஆமா. நல்லாருந்துச்சு."

"அன்னிக்கு நிறுத்துனவ, இன்னி வரைக்கும் நான் பாடல."

பெள்ளி துண்ட எடுத்து மூஞ்சிய மூடிகிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் ஓடக்கொம்பையில ஃபேக்டரிக்காரங்க வீட்ல ஒண்ணுலயும் ஒழுங்காச் சோறு பொங்கல. எந்த வருசம், எந்தத் தட்டு, நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்னு பொம்பளைங்க தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. சில பேரு நம்புனாங்க. சில பேரு 'புளுகாத, நீ அடங்குன்னுதான் தட்டுன'ன்னாங்க, அதுலயும் ரெண்டு மூணு நெசந்தான்.

ஆனா அது சாயங்காலம். இப்ப மத்தியானங்கூட ஆகல. மும்தாஜ் கை வாய்க்குள்ள தலையவே விட்டுக் கத்துனா. "அக்கா! அது அடங்கு இல்லயாம் அக்கா! நிறுத்தாதன்னு அர்த்தமாம்! பெள்ளி அண்ணன் சொல்றாரு!"

தலைய வெளிய எடுத்துட்டுக் காத வச்சா.

"பெள்ளி அண்ணந்தான் சொல்லணுமா?"ன்னா ரெஜினா. "நீ சொல்ற, அவரு சொல்றாரு, ஊரு சொல்லுது. கட்டுனவரு கைய மட்டும் அனுப்பி விட்டுருக்காரு. கைய அனுப்புனா ஆச்சா? வாயக் கொண்டாரச் சொல்லு."

அவ்ளோதான். அந்தப் பக்கம் மணிக்கட்டச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுட்டா. இந்தப் பக்கம் கை வாயி செத்த மாதிரி சத்தமில்லாமப் போச்சு.

ரூம்ல யாரும் யாரையும் பாக்கல. சவரியப்பன் எந்திரிச்சாரு. ஊசியில நிக்கிற கண்ணி நழுவிறக்கூடாதுன்னு நாலு ஊசியையும் மும்தாஜ் கையில குடுத்தாரு. அவ பச்சப்புள்ளைய வாங்குற மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கிகிட்டா. சட்ட மாத்துனாரு, தலை சீவுனாரு. பெள்ளி பின்னாடியே வந்தாரு.

"நானும் வரட்டா?"

சவரியப்பன் தலைய ஆட்டி வேண்டாம்னாரு. அப்பறம் நின்னு, யோசிச்சு, தொண்டையச் செருமி, "வேணாம் பெள்ளி"ன்னு வாயாலயே சொன்னாரு. பெள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கூட வேல செஞ்ச முப்பது வருசத்துல அந்த மனுசன் கொரலு இப்டித்தான் இருக்கும்னு அவருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பஸ்ஸு எறங்க எறங்க சன்னலுக்கு வெளிய கத்தரிப்பூ கலர்ல கை கூடவே வந்துச்சு. சவரியப்பன் வழி நெடுக ஒதட்ட அசைச்சுப் பழகிகிட்டே வந்தாரு. பக்கத்து சீட்டுக்காரரு இவரு செபம் சொல்றாருன்னு நெனச்சு மரியாதையாத் தள்ளி ஒக்காந்தாரு.

ஸ்டெல்லா வீட்டு வாசல்ல வேப்பமரம், அதுக்கடியில பிளாஸ்டிக் சேர்ல ரெஜினா ஒக்காந்திருந்தா. கொஞ்சம் எளச்சிருந்தா, கண்ணாடி புதுசு. இவரப் பாத்ததும் எந்திரிக்கல. ஸ்டெல்லா கதவுக்குப் பின்னாடி இருந்து எட்டிப் பாத்து, "க்கா, மாமா வந்திருக்காருங்க்கா"ன்னா. "பாத்தேன், நீ உள்ள போ"ன்னா ரெஜினா.

சவரியப்பன் கேட்டுக்கிட்டயே நின்னாரு. பஸ்ஸுல பழகுனது ஒண்ணு கூட ஞாபகம் இல்ல. கை ரெண்டும் தானா எந்திரிச்சுது. ரெண்டையும் பிடிச்சு முதுகுக்குப் பின்னாடி கட்டிகிட்டாரு.

"நான் கேட்டுகிட்டுத்தான் இருந்தேன்"ன்னாரு.

"என்னத்த?"

"எல்லாத்தையும். நீ வாசிச்சது எல்லாத்தையும்."

"சும்மா சொல்லாதீங்க. ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அவரு கண்ண மூடுனாரு. அப்பறம் ஆரம்பிச்சாரு, மெல்லமா, துருப்பிடிச்ச குழாய்ல தண்ணி வர்ற மாதிரி மொதல்ல காத்து, அப்பறம் சொட்டு, அப்பறம் தண்ணி. நம்ம கல்யாணமான மறுவருசம் ஈஸ்டர் முடிஞ்ச ஞாயிறு, மூணாவது, மேலிருந்து கீழ், 'ராசாவோட யானை, தலையில்ல'ன்னு வாசிச்ச. நம்ம புள்ள குருசு பொறந்ததும் தவறிப்போச்சே, அதுக்கு அடுத்த ஞாயிறு நீ வாசிக்கல, அதுக்கு அடுத்த ஞாயிறு வாசிச்ச, மொதக் கேள்வி, தொட்டில். எங்க அம்மா சாவுக்குப் போயிட்டு வந்த ஞாயிறு, பஸ்ஸுலயே வாசிச்ச, பேனா எழுதல, ஊக்கால குத்திக் குத்தி எழுதுன. ஒண்ணு, பத்து, முப்பதுன்னு ஞாயிறு ஞாயிறா எடுத்து வச்சாரு. ரெஜினா சேர்ல முன்னாடி வந்து ஒக்காந்துட்டா. கதவுக்குப் பின்னாடி ஸ்டெல்லா அழுவுற சத்தம் கேட்டுச்சு.

"ரெண்டு வருசம் முந்தி, மண்ணு சரிஞ்சு பஸ்ஸு ஓடாத வாரம்"ன்னாரு. "பதினாலாவது. இடமிருந்து வலம். 'கொழம்புக்கு வறுத்துப் போடுவாங்க, கூட ஆளில்லேன்னாலும் இதான்.' மூணெழுத்து."

"அது எனக்கு வரவேயில்ல"ன்னா ரெஜினா. "சாயங்காலம் வரைக்கும் மண்டையக் கொடஞ்சேன். உப்புன்னு எழுதி அழிச்சேன். கடைசியில கட்டத்தக் காலியா விட்டுட்டேன்."

"எனக்கு வந்துச்சு."

"வந்துச்சா? அப்பறம் ஏன் சொல்லல?"

"அடுப்பு எரிஞ்சுது, நீ பக்கத்துல இருந்த. அந்த வார்த்தைய நம்ம வீட்டுக்குள்ள எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

வேப்பமரத்துல ஒரு காக்கா எடம் மாறி ஒக்காந்துச்சு.

"இப்பச் சொல்லுங்க."

"தனியா"ன்னாரு சவரியப்பன்.

அவ கண்ணாடியக் கழட்டி முந்தானையால தொடச்சா, தொடச்சுகிட்டே இருந்தா.

"எனக்கு இங்க வந்த மறுநாளே வந்துருச்சுங்க"ன்னா.